ஐந்து துளைகள்

எங்கள் பல்கலைக்கழக அணி செய்யும் பந்தயக் காரின் பின் இறக்கையில் அந்தப் பின்னேரம் வரை முடிவாகாமல் இருந்தவை இரண்டு. மேல் மடலை எந்தக் கோணத்தில் நிறுத்துவது. அந்தக் கோணத்தைப் போட்டி நாளில் மாற்றக்கூடியதாக வைப்பதா, ஒரேயடியாகப் பூட்டிவிடுவதா. பொழுதுபடுவதற்குள் வரைபடம் கம்பஸுக்குப் போக வேண்டும். மறுநாள் தகடு வெட்டுகிறார்கள்.

நான் விடுமுறைக்கு நறுவிலிக்குளம் வந்திருந்தேன். சிக்னல் கிடைப்பது முன்னறையில் மட்டும். சோளகக் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்ததால் அம்மா ஜன்னல்களையும் கதவையும் சாத்தியே வைத்திருந்தார். காற்றைப் பற்றிய வேலையைக் காற்றில்லாத அறையில் வியர்த்துக்கொண்டு செய்தேன்.

மடலை நிமிர்த்தினால் காற்று காரை நிலத்தோடு அழுத்தும், வளைவில் வழுக்காது. ஆனால் நேர்ப்பாதையில் அதே காற்று பின்னுக்கு இழுக்கும். படுக்க வைத்தால் எதிர்மாறு. கணினி ஓரளவுக்குத்தான் சொல்லும். மிச்சத்தை அன்றைய பாதையையும் காற்றையும் நேரில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அதனால்தான் பக்கத் தகட்டில் ஐந்து துளைகள் வரைந்திருந்தேன். ஆணியை எந்தத் துளையில் போடுவது என்று சொல்ல ஒருவர் அங்கே நிற்க வேண்டும். எங்கள் அணியில் அது நான்தான்.

போட்டி நடக்கும் அதே கிழமையில்தான் என்னைப் பொம்பிளை பார்க்க வருவதாக இருந்தது.

"வேற கிழமை வரச் சொல்லுங்கோவன், அம்மா."

"அந்தப் பிள்ளைக்கு அப்பதான் லீவு. கார் தன்பாட்டில ஓடத்தானே போகுது. நீ நிண்டாலென்ன, நிக்காட்டிலென்ன?"

அன்று மத்தியானம் மாப்பிள்ளையின் தாயார் தொலைபேசியில் கதைத்தார். மகள் காருக்கு இறக்கை செய்கிறாள் என்று அப்பா பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்.

"காருக்கு இறக்கையோ! பிள்ளை பறக்கிற யோசினையோ?"

"இல்லை அன்ரி" என்று தொடங்கினேன். அம்மா கையில் கிள்ளினார். "இல்லை, மாமி. இது பறக்கிறதுக்கில்லை. நிலத்தோட அமத்திப் பிடிக்கிறதுக்கு."

மறுமுனையில் நல்ல சிரிப்பு. "அப்பிடியான பிள்ளைதான் எங்களுக்கு வேணும்!"

அப்பாவும் சிரித்தார். நான் சொன்னது சரியான விளக்கம். அதில் திருத்த ஒன்றுமே இருக்கவில்லை.

வரைபடத்துக்குத் திரும்பி நான்கு துளைகளை அழித்தேன். நடுவிலுள்ளதை மட்டும் விட்டேன். எந்தப் பாதைக்கும் சுமாராகப் பொருந்தும். பார்த்து மாற்ற ஆள் தேவையில்லை. வரைபடத்தை அனுப்பினேன்.

அணியில் காரின் சட்டகத்தைப் பார்க்கும் சிநேகிதி உடனே கேட்டாள்: "ஏன் ஒரு துளை?"

"பாரம் குறையும்" என்று எழுதினேன்.

"எடியே, துளை போட்டாத்தானே பாரம் குறையும்? வெயில் கியில் பட்டிட்டுதோ?" கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்கள் மூன்று. பிறகு அவை இல்லாமல் ஒரு வரி: "நீ வாறாய்தானே?"

அழித்த நான்கையும் திரும்ப வரைந்து அனுப்பினேன். முன்கதவைத் திறந்துவிட்டுக் குசினிக்குப் போனேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அனுப்பியிட்டியே? அப்ப இனி அங்க வேலையில்லைத்தானே?"

"இருக்கு. அந்தக் கிழமை நான் இஞ்ச நிக்கமாட்டன், அம்மா."

அம்மா திரும்பவில்லை.

"முதல்ல அந்தக் கதவைச் சாத்து" என்றார். "மண் வருகுது."