நான் தின்ற கடவுச்சொல்

போன வாரம் அட்டன் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் ஓர் உளவு நாவல் வாசித்துக்கொண்டிருந்தேன். எதிரி நாட்டு ஏவுகணைத் தளத்தின் கணினிக்குள் கதாநாயகன் பதினொரு நொடியில் புகுந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து என் போன், நான் யார் என்று என்னிடமே கேட்டது. கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்தேன், பூட்டிக்கொண்டது. நாற்பத்தைந்து வயது ஆம்பிளை, வட்டவளை வரும்வரை நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கினேன். பக்கத்து சீட்டுக்காரர், "சுகமில்லைங்களா?" என்று ஜன்னலைத் திறந்துவிட்டார்.

சிரியுங்கள், பரவாயில்லை. பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

போட்டோ கொப்பி மெஷின் சூடானால் ஒரு வாசம் வரும். அதோடு இஞ்சித் தேத்தண்ணி வாசமும் சேர்ந்தால், அதுதான் அட்டனில் நஸீர் நானாவின் கம்யூனிகேஷன் கடை. நாலு கணினி, இன்டர்நெட். இருபத்து மூன்று வயதில் அங்கே வேலை பார்த்தேன். பார்த்தது கொஞ்சம், வாசித்தது அதிகம். அட்டை கிழிந்த பாக்கெட் நாவல்கள். கணினி வழியாகப் போர் விமானத்தைக் குருடாக்குவார்கள், அணையைத் திறந்துவிடுவார்கள். அதை நம்பி, மழை நாளில், அணைக்கட்டைத் தாண்டிப் போகும் நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில்கூட ஏறாமல் இருந்தவன் நான்.

ஏன் அவ்வளவு பிடித்தது? எங்கள் லயம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள், நடுச்சுவர் கூரைவரை போகாது. எங்கள் வீட்டில் கருவாடு பொரிந்தால், ஏழாம் காம்பிரா வீட்டுக்காரர் அது நெத்தலியா சாளையா என்று சொல்லிவிடுவார். ரகசியம் எல்லாம் பங்களாவில் இருக்கும் தொரைமார் சாமான். கொழும்புக்கே நாங்கள் இருப்பது தெரியாதபோது, ஒரு வல்லரசு என்னை வேவு பார்க்கிறது என்று நினைத்துக்கொள்வதில் ஒரு பெருமை.

அப்போது சாந்தி அக்கா குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். அந்த வீட்டுப் பெண்ணின் மின்னஞ்சலிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு எழுதுவாள். ஆங்கில எழுத்தில் தமிழ். வேறு தொடர்பு கிடையாது.

நாவலில் கதாநாயகன் வாரம் ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுவான். தாளில் எழுதி மனப்பாடம் செய்து, தாளைத் தின்றுவிடுவான். நானும் தின்றேன். தேத்தண்ணியோடு இறங்கிவிட்டது. கடவுச்சொல்லை மறந்தவர்களிடம் கணினி கேட்கும் கேள்விக்கு முட்டாள்தான் உண்மை சொல்வான் என்றும் அவன் சொல்லியிருந்தான். முதல் வாத்தியார் பெயர் என்ன என்ற கேள்விக்குக் கைக்கு வந்ததை அடித்துவைத்தேன். குவைத் வீட்டுப் பெண்ணின் மின்னஞ்சல் முகவரியையும் எங்கும் குறித்துவைக்கவில்லை.

அடுத்த வெள்ளி ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"ரொக்கட்டா விடப் போற? ஒங்க அக்காட கடிதம்தானே இருக்கு இதுல" என்றார் நஸீர் நானா. அக்காவை அனுப்பிய ஏஜென்சியின் தாளில் இருந்த குவைத் வீட்டு நம்பருக்கு அவரே போன் பண்ணினார். பேசிவிட்டு, "நான் ஓதுற அரபு வேற, இவங்க பேசுற அரபு வேறடா" என்று வைத்துவிட்டார்.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கும் முன்னே கேட்பாள்: "அக்கா என்னாப்பா எழுதியிருக்கா?"

"நல்லா இருக்காளாம்மா. அங்க வெயிலாம்."

மறுவாரம் வெயில் போதவில்லை. வீட்டுக்காரம்மா புதுச் சீலை கொடுத்ததாகச் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்க அந்தச் சீலையின் நிறம் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியாது.

பதினான்கு வெள்ளி போனது. பிறகு ஒருநாள் அக்கா ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். தூதரகத்துக்கு ஓடியிருக்கிறாள், அவர்கள் அனுப்பிவைத்திருக்கிறார்கள். மெலிந்திருந்தாள். இடது கையில் முழங்கைவரை சுட்ட தழும்பு. அம்மா அழுது முடித்து, "அந்தப் புதுச் சீல எங்கடி?" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "பையில எடம் பத்தலம்மா."

பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒவ்வொரு வெள்ளியும் எழுதினேன்டா. நீ ஏஜென்சில போயி கேப்பன்னு." குடம் வழிந்துகொண்டிருந்தது. "பேப்பரயா தின்ன?"

"ஆமாக்கா."

"செரிச்சிச்சா?"

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். என்ன எழுதினாள் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "இப்ப எதுக்கு" என்பாள். வருஷக்கணக்கில் வெள்ளிக்கிழமைகளில் ஏதாவது ஒரு சொல்லை அடித்துப் பார்த்தேன். திறக்கவில்லை.

நஸீர் நானா மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். கடையில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். அந்த மின்னஞ்சல் சேவையையும் மூடி, கிடந்த கடிதங்களையெல்லாம் அழித்துவிட்டார்களாம். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "நெசமாவா?" என்றாள்.

நாவலில் என்றால் அந்தக் குரலை ஓர் இயந்திரத்தில் போட்டு, நிம்மதியா துக்கமா என்று சொல்லிவிடுவார்கள். எனக்குப் பிடிபடவில்லை. அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். எழுதியவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள். வாசிக்கத்தான் இனி ஒன்றும் இல்லை.