துடுப்பு கொடுக்கும் முன்

ஒகேனக்கல்லில், பரிசல் துறையை ஒட்டிய மீன் வறுவல் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கஞ்சா குடித்தாலே ஜெயில் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். பரிசல்காரர்களுக்குள் அதுதான் பேச்சு.

"புடிச்சு உள்ள போடணுமுங்க. நாலு உசுர ஏத்திக்கிட்டுப் போற தொழிலு இது" என்கிறார் ஒருவர்.

"அப்ப சாராயக்கடைய மட்டும் எதுக்குத் தொறந்து வெச்சிருக்காங்க?" என்று இன்னொருவர் எகிறுகிறார்.

மீன் வறுக்கும் முனியம்மாவின் கணவர் மாதுவும் பரிசல்காரர்தான். கஞ்சாப் பழக்கம் உள்ளவர். "நீங்க என்னங்க சொல்றீங்க?" என்று அவளிடமே கேட்கிறேன்.

"இந்தாளு ஜெயிலுக்குப் போனா எம் புள்ளைங்களுக்கு ஆருங்க சோறு போடறது? துடுப்பு எங்கிட்ட இருக்குது. அது போதுமுங்க."

அடுத்த சவாரி மாதுவுடையது, ஏறப்போவது நான். மாது கடை முன்னால் வந்து நிற்கிறார். முனியம்மா கரண்டியை வைத்துவிட்டு, "ஊது" என்கிறாள். எல்லோரும் பார்க்க அவர் ஊதுகிறார்.

"இந்த மீன் வாசத்துல உனக்கு என்னம்மா தெரியும்?" என்று யாரோ சீண்டுகிறார்கள்.

"பதினாலு வருசமா மோந்துக்கிட்டு இருக்கறேன், தெரியாதா?" என்றபடி, கூரையில் செருகியிருந்த துடுப்பை உருவிக் கொடுக்கிறாள். 'உள்ள போடணும்' என்றவரே பரிசலைத் தள்ளிவிடுகிறார்.

நடு ஆற்றில் மாதுவிடம் கேட்கிறேன், "அத்தனை பேர் முன்னால ஊதச் சொன்னா கோவம் வரலீங்களா?"

அவர் சிரிக்கிறார். "போலீசு புடிச்சா வூடு திரும்ப எத்தன மாசமோ. இவ புடிச்சா, நாளைக்குக் காலையில மறுபடி ஊதிக்கலாமுங்க."