வெற்றிலை கொடுத்துப் போனவர்

சொந்த வீட்டில் யாரோ ஒருவர் இருமும் சத்தத்தில் கண்விழிப்பது எப்படியிருக்கும் என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொன்னால் விளங்காது. கண்டியில் எனக்கு அது பழகிவிட்டது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம், செட்டியாரிடம் ஈடு வைத்து வாங்கிய வீடு. தவணை தவறினால் வீடு கைவிட்டுப் போகும். புடவைக்கடைக் கணக்கரான என் சம்பளம் அதற்குப் போதாது என்றுதான் முன்னறையை வாடகைக்கு விட்டோம். இப்போது அங்கே இருமுகிறவர் திகனவிலிருந்து வந்த துணி வியாபாரி காசிம் நானா. நல்ல மனிதர். ஆனாலும் அவர் இருமும்போது, அவருக்கு முன்னால் அங்கே இருந்த பண்டாவின் நினைவுதான் எனக்கு வருகிறது.

பண்டா கண்டிச் சிங்களவர், இளைஞர். பேராதனை ரயில் நிலையத்தில் சாமான் கொட்டகையில் வேலை. அவருடைய தமிழும் எங்கள் சிங்களமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல, இரண்டுமே அரைகுறை. ஐயா, அம்மா என்பதை மாத்தயா, நோனா என்பார். என் மனைவி ரோசம்மாள் காய்ச்சலில் கிடந்த நாட்களில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. "அந்தத் தம்பி இருக்கறதாலதாங்க இது வீடு மாதிரி இருக்கு" என்பாள் ரோசம்மாள்.

அவர் வந்த பிறகு வந்த முதல் சித்திரை. ஒரு காலை அறையைக் கூட்டித் துடைத்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, வெள்ளை உடுத்திப் பெட்டியுடன் வெளியே வந்தார். ஒரு கட்டு வெற்றிலையை இரண்டு கைகளாலும் என்னிடம் தந்து, மண்டியிட்டுக் கும்பிட்டார்.

"நான் பிழை செஞ்சா பொறுக்க வேணும், மாத்தயா. ஊருக்குப் போறது."

திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் விருந்தாளியை அனுப்பும்போதுதான் வெற்றிலை கைமாறும். போதாததற்கு மன்னிப்பு வேறு. கிறிஸ்தவ வேதக்காரர்களான நாங்கள் சித்திரையைக் கொண்டாடுவதுமில்லை. ஒரேயடியாகப் போகிறார் என்றே எடுத்துக்கொண்டோம்.

"இங்க என்ன கொறை தம்பி?" என்றாள் ரோசம்மாள்.

"குறை இல்லை, நோனா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு மிகவும் வலித்தது.

தவணை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரமே காசிம் நானா வந்தார். அவர் தந்த முன்பணம் நேரே செட்டியாரிடம் போனது. சில நாட்கள் கழித்துப் பண்டா வாசலில் நின்றார். தோளில் பெட்டி, கையில் வாழையிலையில் கட்டிய பணியாரம். கொடியில் காய்ந்த வேறொருவரின் சாரங்களைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். காசிம் நானாதான் அவரோடு சிங்களத்தில் பேசிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்ன வேல பாத்தீங்க! சித்திரை வருஷத்துக்கு பெரியவங்கட கையில வெத்தில குடுத்து கும்புடுறது இவங்கட வழக்கம். உம்மா வாப்பாவுக்குச் செய்றத உங்களுக்குச் செஞ்சிட்டுப் போயிருக்கார். வேணும்னா நான் வேற எடம் பாக்குறேன்."

முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் பணம் இல்லை. "பரவாயில்லை" என்று கையசைத்த பண்டா, பணியாரத்தை ரோசம்மாளிடம் தந்துவிட்டுப் பெட்டியுடன் இறங்கிப் போனார். எறும்பு மொய்க்கும்வரை அவள் அந்தப் பணியாரக் கட்டைப் பிரிக்கவில்லை.

போன வருடம்தான் ஊருக்குப் போக முடிந்தது. காலையில் போய்ச் சேர்ந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் தம்பி வெற்றிலைத் தட்டை நீட்டினான்.

"ஒங்களுக்குத்தான் கண்டியில சொந்த வீடு ஆயிருச்சே அண்ணே. அப்பாவோட இந்த வீடு எனக்கே இருக்கட்டும்."

கண்டி வீடு இன்னும் செட்டியாரின் ஈட்டில்தான் இருக்கிறது. என்னையறியாமல் இரண்டு கைகளாலும் வெற்றிலையை வாங்கித் தலை குனிந்தேன்.

"இதென்ன சிங்களக் கும்பிடு?" என்று தம்பி சிரித்தான்.

ரோசம்மாள் பெட்டியை எடுக்க எழுந்துவிட்டாள்.