பூஜையில் வைத்த கிடார்

என் மாமாவுக்குக் கிடார் வாசிக்கத் தெரியும் என்ற விஷயம், வரன் தேடும் இணையதளத்தில் அவர் பக்கத்தைத் திறந்து பார்த்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. மாமாவுக்குத்தான் தெரியாது.

எழுதிப் போட்டது அம்மா. மாமா அவளுக்குத் தம்பி. மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில், செய்த பொருள் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் பிரிவில் வேலை. பெருங்களத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஜாகை. கல்லூரி விழாவில் நண்பனின் கிடாரை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு அவர் ஒரு படம் எடுத்திருந்தார். தலைமுடி அடர்த்தியாக இருந்த கடைசிப் படம் அதுதான் என்பதால் அம்மா அதையே தேர்ந்தெடுத்தாள். படத்தில் கிடார் இருக்கிறது, பொழுதுபோக்கு என்ற இடமோ காலியாகக் கிடக்கிறது. சும்மா விடுவானேன் என்று 'கிடார் வாசித்தல்' என்று அதையும் நிரப்பிவிட்டாள்.

அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒன்றும் கூடி வந்தால்தானே கெடுவதற்கு? வந்த இடமெல்லாம் தட்டிப்போனது. ஜாதகம் பொருந்தினால் உயரம் இடித்தது. உயரம் சரியென்றால் சொந்த வீடு இல்லையே என்றார்கள். ஒவ்வொரு தடவையும் மாமா, "பரவால்ல, விடுக்கா" என்று சிரிப்பார். ஆனால் உட்கார்ந்த இடத்தில் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். "காலாட்டாதடா, வர்ற லட்சுமியும் போயிடுவா" என்று அம்மா அதட்டுவாள். எட்டு வயதில் எனக்கும் அதே வியாதி. நாங்கள் இரண்டு பேரும் சோபாவில் சேர்ந்து உட்கார்ந்தால் எதிரே டீப்பாயில் இருக்கும் தம்ளர் தானாக நகரும் என்று அப்பா கேலி செய்வார்.

அப்புறம்தான் ஊரப்பாக்கத்திலிருந்து அந்தப் பெண்ணின் படம் வந்தது. மற்ற பெண்கள் ஸ்டூடியோவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவள் கண்ணாடி மூக்கில் நழுவ, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மாமா அந்தப் படத்தைத் தன் போனில் வைத்துக்கொண்டு, மணி பார்ப்பதுபோல எடுத்து எடுத்துப் பார்த்தார். கையில் கடிகாரம் கட்டியிருக்கும் மனுஷன் போனில் மணி பார்ப்பானேன் என்று நான் கேட்டேன். பதிலுக்கு என் தலையில் ஒரு குட்டு விழுந்தது. இந்த இடமாவது அமையாதா என்று வீடே தவித்தது. மாமா முதல்தடவையாக "பரவால்ல" சொல்லத் தயாராக இல்லை.

ஐப்பசி பிறந்த பிறகு சரஸ்வதி பூஜை வந்த வருஷம் அது. புரட்டாசி தோஷமும் கிடையாது, எல்லோருக்கும் லீவும் உண்டு, அன்றைக்கே வீடு பார்க்க வருகிறோம் என்று பெண்ணின் அம்மா போன் செய்தார். கடைசியில், வைக்கப்போகும் நேரத்தில், ஒரு வார்த்தை சேர்த்தார்: தன் பெண்ணுக்கும் சங்கீதம் என்றால் உயிர், மாப்பிள்ளை ஒரு பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும்.

அம்மா போனை வைத்துவிட்டுத் தலையிலும் கையை வைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு மட்டும் பரம சந்தோஷம். "ஒரு காலத்துல பொண்ண பாடச் சொல்லி உயிர வாங்கினோம்ல? இப்ப நம்மாளு முறை. பஜ்ஜி சொஜ்ஜியும் அவனையே எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார். அம்மா பார்த்த பார்வையில் பேப்பருக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மாமா முனகினார். அம்மா கேட்கவில்லை. இந்தச் சின்னப் பொய்யை ஒப்புக்கொண்டால் சம்பளம், வேலை எல்லாமே பொய் என்று நினைத்துவிடுவார்கள், ஒரு பாட்டுதானே, கற்றுக்கொள் என்றாள். புதுக் கிடார் வாங்கலாம் என்றார் மாமா. "பைத்தியமாடா உனக்கு? புதுசா பளபளன்னு இருந்தா பாத்த உடனே தெரிஞ்சிடும். பழசா வாங்கு. நாலு கீறல் இருந்தா நல்லது" என்றாள் அம்மா. உலகத்தில் எல்லோரும் கீறல் இல்லாத பழைய பொருளைத் தேடுவார்கள். நாங்கள் கீறலைத் தேடினோம்.

பீர்க்கன்கரணை ஏரிக்கரையோரம் மாடி அறையில் தங்கிப் படித்த ஒரு கல்லூரி அண்ணா, படிப்பு முடிந்து கிளம்புவதால் தன் கிடாரை விற்பதாகப் போனில் விளம்பரம் போட்டிருந்தார். வண்டியில் பின்னால் நான். கிடார் கீறலோடு, ஒரு மூலையில் நசுங்கலோடு, அம்மா கேட்டபடியே இருந்தது. "வாசிச்சுப் பாத்துக்கினு எடுத்துக்கண்ணா" என்று அந்த அண்ணா நீட்டினார். மாமா வாங்கினார். வாசிக்கவில்லை. காதருகே வைத்து, தேங்காய்க் கடையில் தட்டிப் பார்ப்பதுபோல விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு நிபுணர் மாதிரி தலையை ஆட்டினார்.

அந்த அண்ணா ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "கம்பிதான் துருப் புடிச்சுகீது. புதுசு மாட்டிக்கோ, சும்மா கணீர்னு கேக்கும். பேஜார் பண்ணாத ஐட்டம்ணா" என்றார். மாமா, "தெரியும் தெரியும்" என்றார். நான் வாயைத் திறந்தேன். மாமா என் காலை மிதித்தார்.

உறை இல்லாததால் அம்மாவின் பழைய போர்வையில் சுற்றி, நான் மடியில் கட்டிப் பிடித்துக்கொள்ள, நேரே மேற்குத் தாம்பரத்தில் இசைக்கருவி விற்கும் கடைக்குப் போனோம். கம்பிகளை எடுத்து வைத்த கடைக்காரர், "கிடார குடுங்க சார், நானே மாட்டி சுருதி சேத்துத் தர்றேன்" என்று கையை நீட்டினார். கொடுத்திருக்கலாம். ஆனால் ஒருதடவை பொய் சொன்ன வாய்க்கு ருசி கண்டுவிடும் போலிருக்கிறது. "வாசிக்கிறவனுக்கு மாட்டத் தெரியாதா சார்?" என்று சிரித்துவிட்டு மாமா வெளியே வந்துவிட்டார். படி இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில், போனைச் சுவரில் சாய்த்துவைத்து, ஒருவன் கம்பி மாட்டும் வீடியோவைப் பார்த்துப் பார்த்து மாட்டினார். அந்தப் பாவி செல்பி கேமராவில் எடுத்துப் போட்டிருந்தான். படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருந்தது. அது எங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் எந்தப் பக்கம் தடித்த கம்பியை மாட்டினானோ அதே பக்கம் மாமாவும் மாட்டினார். கழுத்தின் உச்சியில் கம்பி உட்காருவதற்கென்று சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். தடித்த கம்பி அதற்குரிய வெட்டில் உட்காராமல் துருத்திக்கொண்டு நின்றது. மாமா விடுவாரா? அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்து வெட்டைப் பெரிதாக்கினார். கம்பெனியில் பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் அவர்.

பிறகு முறுக்கினார். முறுக்க முறுக்கச் சத்தம் மேலே போனது. அம்மா சமையலறையிலிருந்து, "போதும்டா" என்றாள். "இன்னும் கொஞ்சம்" என்று மாமா சொல்லி முடிப்பதற்குள் மெல்லிய கம்பி பட்டென்று அறுந்து கன்னத்தில் ஒரு கோடு போட்டது. மாப்பிள்ளைக் கன்னத்தில் சிவப்புக் கோடு! மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டே அம்மா அழுதுவிட்டாள். மாமா மறுபடி கடைக்கு ஓடினார், மறுபடி மாட்டினார். பூஜைக்கு முந்தின நாள் முழுக்க வீட்டில் கிர்ர், டொய்ங் என்று ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. மாமா விரல் நுனிகள் தக்காளியாகிவிட்டன. பாட்டு மட்டும் வரவே இல்லை. கீழ்வீட்டு அக்கா வந்து, மிக்ஸி ரிப்பேரா என்று அக்கறையோடு விசாரித்துவிட்டுப் போனாள்.

அம்மாவுக்கு யோசனை உதித்தது மறுநாள் காலையில்தான். சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் பாடப்புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள், சட்டென்று நிமிர்ந்து, "அந்தக் கிடார எடுத்துட்டு வா" என்றாள். நெற்றி மாதிரி இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூவைச் சுற்றி, புத்தகங்களுக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து நிறுத்தினாள். அவ்வளவுதான், தீர்ந்தது பிரச்சினை! பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரைக்கும் யாரும் தொடக்கூடாது. நான் மனசார மதித்த ஒரே சட்டம் அது. கணக்குப் புத்தகத்தைத்தான் நான் முதலில் கொண்டுபோய் வைப்பேன். அப்பாவே, "உங்கம்மாவ அடிச்சுக்க ஆள் இல்ல" என்று பாராட்டினார். யாரும் கிட்டே போகாமல் பார்த்துக்கொள்ள என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

வந்தார்கள். பெண், அவள் அப்பா, அம்மா, மூன்று பேர்தான். பேச்சு வெயில், ரயில், ஜிஎஸ்டி ரோட்டு நெரிசல் என்று ஊர்ந்து, கடைசியில் கிடாரிடம் வந்து சேர்ந்தது. "ஐயோ, பூஜையில வெச்சுட்டோமேங்க!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதனாலென்ன, சாமி காரியம் என்று பெண்ணின் அம்மாவும் போட்டுக்கொண்டார். மாமா கால் ஆடுவது நின்று, லேசாகச் சிரிப்பு வந்தது.

பெண் மட்டும் எழுந்து குங்குமம் எடுத்துக்கொள்ள என் பக்கம் வந்தாள். குங்குமம் இட்டுக்கொண்டவள் போகவில்லை. கிடாரையே பார்த்தாள். குனிந்து பார்த்தாள். மூக்கில் நழுவிய கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னும் குனிந்தாள். நான் இரண்டு கையையும் விரித்து மறித்தேன்.

"தொட மாட்டேன் பாப்பா" என்றாள் மெதுவாக. "இத யார் மாட்டுனது?"

"எங்க மாமாதான். தானாவே!" என்றேன் பெருமையாக.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. புகைப்படத்துச் சிரிப்பு வெளியே வந்துவிடாமல் அடக்குகிறாள் என்று எனக்குப் புரியவில்லை, இருமல் வருகிறது என்று நினைத்தேன். "உங்க மாமா காதுல மட்டும் போய்ச் சொல்லு. கம்பி எல்லாம் உல்டாவா இருக்கு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

நான் போய்ச் சொன்னேன். மாமா முகத்தில் மஞ்சள் பூசிய கோட்டைத் தவிர மற்ற இடமெல்லாம் வெளுத்தது. அவள் பக்கம் பார்த்தார். அவள் ஒன்றுமே நடக்காததுபோல அம்மா கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டிருந்தாள். அப்படியே விட்டிருந்தால் காரியம் சுபமாக முடிந்திருக்கும். மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்கு கிடார் வாசிக்கத் தெரியாதுங்க. ஃபோட்டோல இருக்கிறது ஃப்ரெண்டோட கிடார். இது இப்ப வாங்கினது, உங்களுக்காக. மன்னிச்சிடுங்க."

அம்மா கையில் இருந்த சுண்டல் கரண்டி அப்படியே நின்றது. எங்கள் அப்பாவுக்கு இந்தத் தடவை மறைந்துகொள்ளப் பேப்பரும் இல்லை. பெண்ணின் அப்பா கொஞ்சநேரம் கிடாரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். "சரிங்க. வீட்ல கலந்து பேசிட்டு போன் பண்றோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எட்டு வயசான எனக்கே தெரியும். அத்தனை தடவை கேட்டாயிற்றே!

வாசலில் செருப்பை மாட்டும்போது அந்தப் பெண் கடைசியாக நின்றாள். பக்கத்தில் நானும் மாமாவும்தான். "நாளைக்கு விஜயதசமிதானே? பூஜையிலிருந்து எடுக்கலாம்ல?" என்று மாமாவிடம் கேட்டாள். "எடுத்து எல்லாக் கம்பியையும் லூஸ் பண்ணி வைங்க. அப்படியே இறுக்கி வெச்சா கழுத்து வளைஞ்சிடும்." படியிறங்கிப் போய்விட்டாள். போகிற போக்கில் என்ன கிடார் புத்திமதி வேண்டிக்கிடக்கு என்று எனக்குக் கோபம் வந்தது. மாமா அங்கேயே நின்றார். உள்ளே அம்மா, வாய் வைக்காமல் போன பஜ்ஜியைப் பார்த்து, வாழவே தெரியாதவன் என்று மாமாவைத் திட்டித் தீர்த்தாள்.

போன் வந்ததா இல்லையா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசினால் என்னைப் பால்கனிக்கு அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், தீபாவளி கழிந்ததிலிருந்து மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிடாரைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊரப்பாக்கத்துக்கு ரயிலேறினார் என்பதுதான். அங்கே ரிப்பேர் நடக்கிறதாம். தாம்பரத்திலேயே கடை இருக்கிறதே, எதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்று கேட்டேன். அந்த இடம் நன்றாக இருக்கிறது என்றார் அப்பா, இல்லாத ஏதோ தூசியை மீசையிலிருந்து தட்டிக்கொண்டே. வீடு பார்க்க வந்தவர்களும் ஊரப்பாக்கம்தான் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. அதனாலென்ன? அவ்வளவு பெரிய ஊரில் ஒரு ரிப்பேர்காரர் இருக்கக்கூடாதா? அம்மா அந்த ரிப்பேர்காரருக்கு முறுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள். மிக்ஸி ரிப்பேர்காரருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதவள்.

பொங்கல் நெருங்கும்போது மாமா ஒருநாள் முன்னறையில் உட்கார்ந்து, நேராக மாட்டிய கம்பிகளில் ஒரு சின்ன மெட்டை வாசித்துக் காட்டினார். நடுநடுவே டொய்ங் என்றது. கால் மட்டும் ஆடவே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை போயும் இவ்வளவுதானா?

"உங்களை நல்லா ஏமாத்தறாங்க மாமா. அந்த ரிப்பேர்காரர மாத்துங்க" என்றேன்.

மாமா கிடாரை மடியிலிருந்து இறக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "முடியாது பாப்பா. இனிமே எல்லாத்துக்கும் அவங்கதான்னு முடிவாயிடுச்சு" என்றார்.

இவ்வளவு விவரமில்லாத மனுஷனுக்கு எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள் என்று நினைத்து, அன்றைக்கு நான் மாமாவுக்காக ரொம்ப வருத்தப்பட்டேன்.