மரத்துக்கு ஜாமீன்

எட்டு வயதில் நான் ஒரு மாமரத்துக்கு ஜாமீன் நின்றேன். அதற்காக வீட்டில் எல்லோரும் என்னை மெச்சினார்கள். இன்றைக்கும் யாராவது அந்தக் கதையை எடுத்தால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

ஓரிக்கையில் எங்கள் தெருவிலேயே வேதம் வாசிக்கிற வீடு எங்களுடையது மட்டும்தான். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர், சபையில் மூப்பர். அவருடைய தம்பி, என் சித்தப்பா, வீட்டிலேயே தறி நெய்தார். தினமும் விளக்கு வைத்ததும் தறி நிற்கும், பாய் விரிக்கப்படும், அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பிப்பார். நான் சித்தியின் மடியில் தலை வைத்துக் கேட்பேன். அம்மா மடியில் தம்பி இருந்தான். சித்தியின் மடி எப்போதும் காலியாகவே இருந்தது. எனக்கு அது பெரிய வசதி.

அந்த வருஷம் அப்பா ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். தீர்க்கதரிசி ஒருவர் சொல்கிற திராட்சைத் தோட்டத்தின் கதை. தோட்டத்துக்காரர் கல் பொறுக்கி, நிலம் கொத்தி, நல்ல கொடியாகப் பார்த்து நட்டு, வேலியும் போடுகிறார். கடைசியில் வந்தது வாயில் வைக்க முடியாத காட்டுப் பழம். இனி வேலியைப் பிடுங்குவேன், மழை பெய்ய விடமாட்டேன் என்று தீர்ப்புச் சொல்கிறார். அந்த இடத்தில் அப்பா வேதத்தை மூடிவிடுவார்.

"செடிதானேப்பா, அதுக்கு இன்னா தெரியும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"செய்ய வேண்டியதெல்லாம் அவரு செஞ்சிட்டாரும்மா. இதுக்கு மேல எவ்ளோ நாளு காத்துக்கினு இருப்பாரு?" என்றார் அப்பா. பதில் எனக்கு, பார்வை சித்தி பக்கம். சித்தி என் தலையை மெல்ல நகர்த்திவிட்டுப் பாயைச் சுருட்டப் போனாள்.

சித்திக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அவள் வந்த வருஷம்தான் கொல்லையில் மாங்கன்று நட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நடையாக நடந்தாள், ஸ்கேன் எடுத்தாள். வீட்டுக்காரரையும் ஒரு தரம் அழைத்து வாருங்கள் என்று டாக்டர் சொன்னதாக ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் சொன்னாள். சித்தப்பா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். அதோடு ஆஸ்பத்திரிப் போக்குவரத்து நின்றது.

மரமும் பூக்கவில்லை. கோடாலியைக் காட்டி மிரட்டினால் காய்த்துவிடும் என்று சொன்னது பக்கத்து வீட்டு நெசவுக்கார அக்கா. வெட்டப் போகிறேன் என்று ஒருவர் ஓங்க வேண்டும், வெட்டாதே என்று இன்னொருவர் தடுக்க வேண்டும். மூன்று தரம். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அப்பா முதலில் முறுக்கிக்கொண்டார். அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தில் படைக்க நம் வீட்டுப் பழம் வேண்டாமா என்று அம்மா கேட்டதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

தடுக்கிற வேலை எனக்கு. வசனத்தைச் சொல்லிக்கொடுத்தது சித்திதான். "நல்லா சத்தமா சொல்லு கண்ணு. மரத்துக்குக் கேக்கணும்."

சனிக்கிழமை காலை சித்தப்பா கோடாலியை ஓங்கினார். "ஆறு வருசமா தண்ணி ஊத்தறேன், ஒரு பூ வெக்கல. வெட்டிடப் போறேன்!"

நான் மரத்தைக் கட்டிக்கொண்டேன். "வாணாம் சித்தப்பா! ஒரே ஒரு வருசம் பாருங்க. நான் ஜாமீன்!"

இரண்டாம் தரமும் அப்படியே, எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் தரம் சித்தப்பா நிஜமாகவே வெட்டினார். என் தலைக்கு மேலே பட்டை பிளந்து சிதறியது. அப்பா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். சித்தப்பாவின் முகத்தில் விளையாட்டே இல்லை. அவர் மரத்தையும் பார்க்கவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சித்தி நின்றிருந்தாள். அன்று மத்தியானம் அவள் சாணியைக் குழைத்து மரத்தின் வெட்டில் அப்பினாள். மரத்துக்கு வலிக்குமா என்று கேட்டேன். அவள் இன்னொரு கை சாணி எடுத்து அப்பினாள்.

மூன்றாம் நாள் சித்தியின் பெட்டி வாசலில் இருந்தது. "கொஞ்ச நாளு அம்மா வூட்ல இருந்துட்டு வரட்டும்" என்றார் அப்பா. ஐயம்பேட்டைக்குப் போகிற ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சித்தப்பா தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். ஏறுவதற்கு முன்னால் சித்தி என் முன்னால் குனிந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா கண்ணு?"

சொல்லவேண்டியது எனக்கு மனப்பாடமாகத் தெரியும், அவள் சொல்லிக்கொடுத்ததுதான். எனக்கோ நாக்கில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.

"வரும்போது தேன் மிட்டாய் வாங்கினு வாங்க சித்தி."

ஆட்டோ நகர்ந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அத்தனை தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. சித்தி அழுது நான் அதுவரை கேட்டதே இல்லை. மிட்டாய்க்குக் காசில்லாமல் அழுகிறாள் என்று நினைத்து, வேண்டாம் சித்தி என்று கத்திக்கொண்டே தெருமுனை வரை ஓடினேன்.

அடுத்த வருஷம் மரம் காய்த்தது. ஒரு கூடைப் பழத்தை அப்பா தாமே சுமந்து போய் ஆலயத்தில் வைத்தார். ஜாமீன்காரி என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். சித்தி திரும்பி வரவில்லை. இன்றைக்கும் அவளுடைய அண்ணன் வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்கிறார்கள். ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரம்கூட ஆகாது. நான் போனதில்லை. எந்த முகத்தோடு போவது?

இப்போது அப்பாவுக்குக் கண் தெரியாது. ஊருக்குப் போகும்போது மாலை வாசிப்பு என்னுடையது. போன மாதம் அந்தத் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டார். வாசித்தேன். மழை பெய்யாது என்கிற இடத்தில் நிறுத்தாமல் அடுத்த வசனத்துக்கும் போனேன். அந்தத் தோட்டம் கொடியே அல்ல, ஒரு வீட்டார். அவர்களிடம் அவர் தேடிய கனி பிள்ளையும் அல்ல, நியாயம். அதற்குக் காத்திருந்தவர் காதில் விழுந்ததெல்லாம் ஓர் அழுகுரல்.

"போதும்மா," என்று அப்பா கையை நீட்டித் தடவிப் பக்கத்தை மறைத்தார். "நான் எப்பவும் அதுக்கு முன்னாலயே நிறுத்திடுவேன்."

அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது என்றுதான் எட்டு வயதில் நான் நினைத்திருந்தேன்.