சோடியத்துக்கு ஏன் ப்ளஸ்?

டியூஷன் வாத்தியார் பிழைப்பு உங்களுக்குத் தெரியாததா, தொண்டை வறள ஒன்றைக் கத்திவிட்டு விடைத்தாளில் வேறொன்றைப் படிக்கிற பிழைப்பு!

மைனஸ் போட்ட சோடியம்

ஜெயங்கொண்டத்தில் வேதியியல் நடத்துகிறேன். உப்பு உண்டாகும்போது சோடியம் தன் எலக்ட்ரான் ஒன்றைக் குளோரினுக்குக் கொடுத்து ப்ளஸ் ஆகிறது, வாங்கிய குளோரின் மைனஸ் ஆகிறது. மூன்று நாள் சொல்லி டெஸ்ட் வைத்தேன். பாவிகள், அத்தனை பேரும் சோடியத்துக்கு மைனஸ்! எகிறினேன். முதல் பெஞ்சு எழுந்து நின்று சொன்னது: "ஒன்னு போச்சுன்னா மைனஸ்தானே சார்?"

நாற்பது வயது மாணவி

செல்வி அக்கா உடையார்பாளையம் பக்கம் அங்கன்வாடி உதவியாளர். பத்தாம் வகுப்பில் அறிவியல் மட்டும் அந்தக் காலத்திலேயே நின்றுபோனது. அதை முடித்தால்தான் பணியாளராக, அதாவது அங்கன்வாடி டீச்சராக, பதவி உயர்வு. இந்தத் தடவை விட்டால் வயது தாண்டிவிடும். என்னைவிடப் பெரியவர் 'சார்' என்பார், எனக்குக் கூசும்.

அவரும் மைனஸே போட்டார். "எலக்ட்ரானே மைனஸ்தான் அக்கா, அது வெளியே போனால்..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்க சார். கொல்லையில களையப் புடுங்கிட்டா கொல்லை நல்லாத்தான ஆவுது? அதையே மாட்டுக்குப் போட்டா தீனி. அம்புட்டுதானுங்களே?"

விடாத சந்தேகம்

மறுநாள் அதையே என் சொந்தச் சரக்கு மாதிரி வகுப்பில் அவிழ்த்துவிட்டேன். அக்கா விடவில்லை. களையைத் தின்ற மாடு அதன் பாட்டுக்குப் போய்விடும், சோடியமும் குளோரினும் மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்றார். திக்கென்றது. ப்ளஸும் மைனஸும் ஒன்றையொன்று இழுக்கிற இழுப்புதான் அயனிப் பிணைப்பு. கொடுத்து வாங்குவது அதற்கு முந்தைய வேலை. இத்தனை வருஷம் எலக்ட்ரான் தாவுகிற அம்புக்குறி போட்டதோடு கடையைக் கட்டியிருக்கிறேன், வெட்கமாகப் போயிற்று. சொன்னதும் அக்கா நிமிர்ந்து பார்த்தார்: "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல சார்?"

ரிசல்ட்

பரீட்சையில் அயனிப் பிணைப்பு வந்தது, எழுதியும் விட்டார். ரிசல்ட் அன்று பதினொரு மணி வரை அக்காவிடமிருந்து போன் வரவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு அங்கன்வாடிக்கே போனேன். அக்கா சாதம் கிளறிக்கொண்டிருந்தார். "நீங்களே பாருங்க சார், நான் பாக்க மாட்டேன்" என்று பதிவெண் சீட்டை நீட்டினார். போனில் அந்த வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது... பாஸ்! நான் போட்ட கூச்சலில் பிள்ளைகள் மிரண்டன. அக்கா கரண்டியோடு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆர்டரு வந்ததும் ஒங்க சின்னப் புள்ளைய இங்க கொண்டாந்து வுடுங்க தம்பி. அதுக்கு நான்தான் டீச்சரு."

பத்து வருஷ சர்வீஸில் அடுத்தவர் மார்க்குக்கு நான் அழுதது அன்றுதான், கேட்டவர்களிடம் சிமென்ட் லாரிப் புழுதி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிவைத்தேன்.