கடைசி வண்டியின் உறுமல்

டெல்மரைப் புரிந்துகொண்டவன் எவனாவது இருந்தால் என் முன்னால் வரட்டும். ஞாயிறுதோறும் அவனோடு வண்டி ஓட்டியவன் நான். எனக்கே அவன் பிடிபடவில்லை.

குண்டுவீச்சு விமானத்தின் வாலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவன் அவன். போர் முடிந்து எங்கள் ஊரான பேக்கர்ஸ்ஃபீல்டுக்குத் திரும்பியதும், ராணுவம் கழித்துக்கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, மட்கார்டை அறுத்தெறிந்தான். எங்கள் ஆறு பேர் வண்டியும் அப்படித்தான். கிளப் என்பது பெயருக்குத்தான். விமானப்படையிலிருந்து வந்து வீட்டில் இருப்புக்கொள்ளாத ஆறு பேர், அவ்வளவே.

கிளம்புமுன் ஒரு வழக்கம் உண்டு. எங்களில் விமானியாக இருந்த ஹாலிஸ் கையைத் தூக்குவான். விமானத்தில் 'இருக்கிறேன்' என்று ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தது போல, ஒவ்வொரு வண்டியும் வரிசையாக ஒருமுறை உறுமும். கடைசி உறுமல் டெல்மருடையது. விமானத்தில் வாலிலிருந்து குரல் வராவிட்டால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம்.

அவன் மனைவி வெர்னா ஏழு மாதக் கர்ப்பிணி. "ஒண்ணு வண்டி இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடு. நான் எங்கம்மா வீட்டுக்குப் பஸ் ஏறணும்" என்று சொல்லிவிட்டாள்.

"ஏன் ஓட்டுறேன்னு எனக்கே தெரியலடா. தெரியாத ஒண்ணுக்காக அவள விட முடியுமா?" என்று என்னிடம் புலம்பினான். சனிக்கிழமை வண்டியை விற்றுத் தள்ளிவிட்டு ஒரு ஓட்டை ஃபோர்டு காரை வாங்கினான்.

ஞாயிறு காலை, சர்ச்சுக்குப் போகும் வழியில், வெர்னாவோடு எங்களை வழியனுப்ப வந்து நின்றான். ஹாலிஸ் கையைத் தூக்கினான். ஐந்து வண்டிகள் உறுமின. அப்புறம் ஒன்றுமில்லை.

தூக்கிய கை இறங்கவில்லை. அட, டெல்மர் எங்கள் கண்ணெதிரேதான் நிற்கிறான், தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் ஒருவனும் கியரைப் போடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கென்று இன்றுவரை தெரியாது.

"என்ன ஹாலிஸ், கை மரத்துப்போச்சா?" என்றாள் வெர்னா.

"வால்லேருந்து சத்தம் வரலம்மா."

"இதோ, குத்துக்கல்லாட்டம் நிக்கிறானே! எல்லாருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா?"

டெல்மர் அவள் பக்கம் திரும்பினான். "வெர்னா... என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல" என்றான்.

அவள் அவனை முறைத்தாள், எங்களை முறைத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கார் ஜன்னலுக்குள் கையை விட்டு, ஹாரனை அழுத்தினாள், நீளமாக.

ஹாலிஸின் கை இறங்கியது.

"கார்ல ஏறு" என்றாள் டெல்மரிடம். "கடைசியாத்தான போகணும்? மெதுவாப் போ."